டீலக்ஸ் வண்டியும் தாய்மாமன் முறையும்

1998 செப்டம்பர் 5, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. கன்னிவாடிப் பக்கத்து மலைகளுக்கு மேல் கறுப்பாக மேகம் நின்றது; கீழே ஒரு இலைகூட அசையவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் புழுக்கத்தில், திண்டுக்கல்லில் ஒரு பிள்ளையார் கோயில் வாசலில், நூற்று இருபது பேருக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டிருக்க, என் தங்கையின் மூத்த மகள் என் காரில் ஏறாமல் வேறொருவன் காரில் ஏறினாள்.

எங்கள் குடும்பங்களில் பெண் அழைப்புக்கு மணப்பெண் தாய்மாமன் வண்டியில்தான் ஏற வேண்டும். என் அம்மா அவளுடைய மாமனின் மாட்டு வண்டியில் வந்தாள். என் தங்கை கல்யாணத்துக்கு எங்கள் மாமா திருச்சி ரோட்டில் ஒரு டாக்ஸியைப் பிடித்து வந்து, அன்று ஒரு நாளைக்கு அது தன் வண்டி என்று சொல்லி ஏற்றினார். வண்டி எதுவாகவும் இருக்கலாம். கோயில் வாசலில் அதன் கதவைத் திறந்துவிடும் கை மாமனுடையதாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் ஒருவன் காதுகுத்து, சடங்கு, பொங்கல், தீபாவளி என்று இருபது வருஷம் சீர் செய்கிறான். என் தங்கைக்குப் பெண்கள் இரண்டு பேர். ஆகவே அந்தக் கதவை நான் என் வாழ்நாளில் இரண்டு முறைதான் திறக்க முடியும். அதில் ஒன்று அன்றைக்குப் போயிற்று.

அதைப் பறித்தவன் என் தங்கை கணவரின் தம்பி. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி கமிஷன் மண்டி வைத்திருந்தான். அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒட்டன்சத்திரத்தான் என்றே எழுதுகிறேன், அது போதும் அவனுக்கு.

நான் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து 1996-இல் ஓய்வு பெற்றவன். சாணார்பட்டி வட்டாரத்தில் நான் கால் வைக்காத வரப்பு கிடையாது. ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு கார் வாங்கினேன். அந்தக் காலத்தில் ஊரெல்லாம் ஓடிய சின்னக் கார், எண்ணூறு சிசி. அது இரண்டு தினுசில் வந்தது. ஒன்று ஸ்டாண்டர்டு, இன்னொன்று டீலக்ஸ். நான் வாங்கியது ஸ்டாண்டர்டு, வெள்ளை நிறம். ஓடுவதற்கு வேண்டியது அத்தனையும் அதில் இருந்தது. டீலக்ஸில் அதிகமாக இருந்தவை அலங்காரம் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஒட்டன்சத்திரத்தான் கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால் அதே வெள்ளையில் டீலக்ஸ் வாங்கியிருந்தான். ஏசி உண்டு.

அன்று நான் என் காரைக் கழுவி, சாமந்தி மாலை கட்டி, கோயில் வாசலில் நிறுத்தியிருந்தேன். பெண் சாமி கும்பிட்டு வெளியே வந்தாள். நான் கதவின் கைப்பிடியில் கை வைத்தேன். அப்போது அவன் தன் காரைக் கொண்டுவந்து என் காருக்கு முன்னால் நிறுத்தினான். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசி ஓட, இறங்கி வந்தான். எல்லோருக்கும் கேட்கும்படி பேசினான்.

“ஏனுங்க மச்சான், பொண்ணு பட்டுச்சேல கட்டி நகை போட்டு நிக்குது. இந்த அடுப்புக்குள்ள உக்கார வச்சா மண்டபம் போறதுக்குள்ள வெந்துருமுங்க. நம்மது டீலக்ஸ். ஒங்க வண்டியில பாத்திர பண்டத்த ஏத்திக்கலாம்.”

சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது, அவர்களில் நான்கு பேர் இன்று உயிரோடு இல்லை என்பதும் தெரியும். தங்கை கணவர் மேளக்காரர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கை என் முகத்தைப் பார்க்காமல் மகளின் மாலையைச் சரி செய்தாள். அந்தப் பெண்ணின் மூக்கு நுனியில் வியர்வை நின்றது. அவள் என்னை ஒரு முறை பார்த்தாள், பிறகு அந்தக் காரில் ஏறினாள். கதவைத் திறந்துவிட்டவன் அவன்.

நான் பின்னால் போனேன். என் காரில் மூன்று குத்துவிளக்கும், ஒரு அண்டாவும், பலகாரக் கூடைகளும், என் மனைவியும் இருந்தார்கள். மனைவி மடியில் ஒரு தாம்பாளம். மண்டபம் வரும் வரை அவள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். “அந்தப் பய நம்மள சாமான் வண்டி ஆக்கிட்டானுங்க.” அதற்குப் பிறகு சொந்தத்தில் சின்னப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் என் காரை ‘அடுப்பு’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். “மாமா அடுப்ப எடுத்துட்டு வந்துட்டாரா?” என்று என் காதுபடவே கேட்டார்கள்.

எதிரியின் நிலத்தை அளக்காமல் வழக்குக்குப் போகக் கூடாது என்பது என் தொழில் கற்றுத் தந்தது. அடுத்த மாதமே மதுரைக்குப் போய், கார் விற்கும் கடையில், வாங்கப்போகிறவன் போல டீலக்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காபி கொடுத்தார்கள். மறு வாரமும் போனேன். இரண்டு தினுசுக்கும் நடுவில் பத்தொன்பது வித்தியாசங்கள்.

ஸ்டாண்டர்டில் பக்கக் கண்ணாடி டிரைவர் பக்கம் மட்டும்தான். டீலக்ஸில் இடது பக்கமும் உண்டு. ஸ்டாண்டர்டின் பம்பர் கறுப்பு பிளாஸ்டிக். டீலக்ஸில் வண்டியின் நிறம். ஸ்டாண்டர்டின் சீட் ரெக்சின், வெயிலில் நின்றால் தொடையைச் சுடும். டீலக்ஸில் சாம்பல் நிறத் துணி. ஸ்டாண்டர்டின் தரையில் ரப்பர் விரிப்பு, டீலக்ஸில் கார்ப்பெட். சக்கரத்துக்கு மூடி, கதவுக்கு நடுவில் ஓடும் பட்டை, சிகரெட் பற்றவைக்கும் லைட்டர், மணி காட்டும் கடிகாரம், பச்சை ஓடிய கண்ணாடி, பின் கண்ணாடிக்கு ஒரு வைப்பர், இடது பக்கம் உட்காரும் பெண்கள் பொட்டுப் பார்த்துக்கொள்ள வெயில் மறைப்பில் ஒரு சின்னக் கண்ணாடி. இப்படிப் போகும். கடைசியாக ஏசி.

என்னை மிகவும் கோபப்படுத்தியது வேறு ஒன்று. வீட்டுக்கு வந்து என் காரை நிதானமாகப் பார்த்தபோது அது தெரிந்தது. இரண்டும் ஒரே எஞ்சின், ஒரே தகடு. டீலக்ஸுக்கு வேண்டிய ஓட்டைகள் எல்லாம் ஸ்டாண்டர்டிலும் போட்டிருந்தார்கள். போட்டுவிட்டு, ரப்பர் அடைப்பானால் அடைத்திருந்தார்கள். ஏசி பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு மூடி. லைட்டர் இடத்தில் ஒரு மூடி. பின் வைப்பர் இடத்தில் ஒரு மூடி. ஓட்டும் ஒவ்வொரு முறையும் உனக்கு இது இல்லை, உனக்கு இது இல்லை என்று ஒவ்வொரு மூடியும் சொல்வது போல இருந்தது. முன்பு அவை என் கண்ணில் பட்டதே இல்லை. இப்போது அவற்றைத் தவிர வேறு எதுவும் படவில்லை.

கடையில் சாமான் வாங்கி ஒவ்வொன்றாக மாட்டியிருக்கலாம். விசாரித்தேன், விலை கூடுதல். அதைவிட, அப்படிச் செய்தால் நான் டீலக்ஸ் ஆவேன், அவனும் டீலக்ஸாகவே இருப்பான். அது எனக்குப் போதாது.

மூன்று வருஷம் காத்திருந்தேன். 2001 கடைசியில் அவனுக்கு மண்டியில் நல்ல வரும்படி. ஒரு பெரிய டீசல் வண்டி வாங்கினான். டீலக்ஸை விற்கச் சொல்லி சாணார்பட்டியில் ஒரு புரோக்கரிடம் விட்டான். அந்தப் புரோக்கரின் அப்பா நிலத்தை நான் அளந்திருக்கிறேன். அவரே ஆள் அனுப்பி, சார் வண்டி மாத்துற யோசனை இருக்கா என்று கேட்டார். நான் அன்று மாலையே போனேன். என் பெயர் எங்கும் வரக் கூடாது என்று மட்டும் சொன்னேன். கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள்களோடு வண்டி கை மாறுவது அந்தத் தொழிலில் சாதாரணம். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமலே வாங்கினேன்.

பேகம்பூரில் ஒரு பட்டறை. இரண்டு வெள்ளைக் கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தச் சொன்னேன். இதில் இருப்பதெல்லாம் அதற்குப் போக வேண்டும், அதில் இருப்பதெல்லாம் இதற்கு வர வேண்டும் என்றேன். மெக்கானிக் பாய்க்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, டீலக்ஸையே வைத்துக்கொண்டு ஸ்டாண்டர்டை விற்றுவிடலாமே என்று கேட்டார். அவன் ஓட்டிய வண்டி என் வீட்டு வாசலில் நிற்பதா? அவன் எதை வைத்து என்னை அவமானப்படுத்தினானோ அதைக் கழற்றி என் வண்டிக்கு மாட்ட வேண்டும். என் வண்டியில் எவற்றைப் பார்த்துச் சிரித்தார்களோ அவற்றை அவன் வண்டி சுமக்க வேண்டும். அதுதான் கணக்கு.

வேலை ஒன்பது நாள் நடந்தது. தினமும் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஏசி கம்ப்ரசர், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சர், இரண்டாவது மின்விசிறி, டேஷ்போர்டுக்கு உள்ளே காற்றைக் குளிரவைக்கும் காயில் எல்லாம் வந்தன. என் வண்டியின் ஒவ்வொரு மூடியும் கழன்றது. கழற்றிய மூடியை நானே கையில் எடுத்துக் கொண்டுபோய், அவன் வண்டியில் திறந்து கிடந்த ஓட்டையில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினேன். ஏசி பொத்தானின் மூடி ‘டக்’ என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் எனக்குப் போதுமானதாக இருந்தது என்று சொன்னால் பொய்.

“சார், ஒருத்தன் சட்டையக் கழட்டி இன்னொருத்தனுக்கு மாட்டிவிட்டுட்டு, அதுக்குக் கூலி கேக்க எனக்கே கூச்சமா இருக்கு” என்றார் பாய். ஆனால் கேட்டார்.

என் காரை வீட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன். எஞ்சின் வேலை என்று சொல்லிவிட்டு எங்கே போனாலும் பஸ்ஸில் போனேன். அவன் காரை, ரெக்சின் சீட்டும் கறுப்பு பம்பருமாக, சாணார்பட்டியில் அந்தப் புரோக்கரின் கொட்டகையில் நிறுத்தினேன். அதை வைத்து என்ன செய்வது என்று அப்போது எனக்கே தெரியாது. ஒட்டன்சத்திரம் ரோட்டில் பால் கேன் ஏற்ற யாருக்காவது விற்கலாம், அவன் கண்ணில் தினமும் படட்டும் என்று ஒரு யோசனை இருந்தது.

ஆனால் அவனே வந்தான்.

2002 கோடையில் தக்காளி விலை விழுந்தது. அவன் முன்பணம் கொடுத்திருந்த இடங்களில் பணம் திரும்பவில்லை. பெரிய வண்டியை ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். பழநிப் பக்கத்து ஜோசியர் ஒருவர் அவனுடைய ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பழைய வண்டியின் நம்பர்தான் உனக்கு ராசி, கூட்டினால் ஐந்து வருகிறது, அதை விற்ற நாளிலிருந்துதான் சரிவு, எப்படியாவது அந்த நம்பரைத் திரும்ப வாங்கு என்று சொல்லிவிட்டார். நம்பர் தனியாக வராது. வண்டியோடுதான் வரும். அவன் புரோக்கரைத் தேடிக்கொண்டு வந்தான்.

புரோக்கர் என்னிடம் வந்தார். விற்கிறேன் என்றேன். ஆனால் ஸ்டாண்டர்டு வண்டிக்கு மார்க்கெட்டில் என்ன விலையோ அதை மட்டும்தான் வாங்க வேண்டும், ஒரு ரூபாய் கூடக் கூடாது என்றேன். நான் ஏமாற்றுக்காரன் இல்லை. ஸ்டாண்டர்டு வண்டியை ஸ்டாண்டர்டு விலைக்கு விற்றேன். விலையைக் கேட்டதும் அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவன் சந்தோஷப்பட்டான். டீலக்ஸை ஸ்டாண்டர்டு விலைக்கு அமுக்கிவிட்டதாக மண்டியில் சொல்லிக்கொண்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். கொட்டகைக்கு வந்தவன் வாசலிலேயே நின்று, உள்ளே இருட்டில் தெரிந்த நம்பர் பிளேட்டை மட்டும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஸ்டார்ட் செய்து காட்டச் சொன்னான். புரோக்கர் உள்ளே வந்து பார்க்கச் சொன்னதற்கு, “மூணு வருசம் நா ஓட்டுன வண்டிங்க, அதுல பாக்க என்ன இருக்குது?” என்று கேட்டானாம். ஜோசியர் குறித்த நாளில்தான் வண்டியைத் தொட வேண்டும் என்று போய்விட்டான்.

அந்த நாள், என் தங்கையின் இளைய மகள் கல்யாணத்துக்கு முந்திய நாள். ஆவணி மாதச் சனிக்கிழமை. அன்று மாலைதான் பெண் அழைப்பு.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே நான் தங்கை வீட்டுக்குப் போய், இந்த முறை என் வண்டிதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். தங்கை கணவர் பிடி கொடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூர்க்காரர்கள், பெண் ஏசி காரில்தான் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள், தம்பி தன் பழைய டீலக்ஸைத் திரும்ப வாங்குகிறான், மச்சான் தப்பாக நினைக்கக் கூடாது என்றார். நான் தப்பாக நினைக்கவில்லை. கோயில் வாசலில் எந்த வண்டியில் ஏசி ஓடுகிறதோ அந்த வண்டியில் பெண் ஏறட்டும் என்றேன். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. என் தங்கை மட்டும் வாசல் வரை வந்து, “அண்ணே, நீ சிரிச்சுக்கிட்டே போறத பாத்தா எனக்குப் பயமா இருக்கு” என்றாள்.

அன்று மாலையும் அதே புழுக்கம். அதே கோயில். அவனுடைய டிரைவர், பழைய டீலக்ஸை முன்பின் பார்க்காத புதுப் பையன், காலையில் சாணார்பட்டியில் நல்ல நேரம் பார்த்து வண்டியை எடுத்து, நேராகப் பூக்காரர்களிடம் விட்டிருந்தான். பம்பர், பக்கம், கூரை எல்லாம் ரோஜாவும் சம்பங்கியுமாக மூடி, வண்டி ஒரு பூந்தேர் போல வந்து நின்றது. ஒட்டன்சத்திரத்தான் மண்டபத்திலிருந்து நடந்து வந்தான். நம்பர் பிளேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினான். கோயம்புத்தூர்க்காரர்களிடம், செத்த நேரம் பொறுங்கள், உள்ளே குளிரட்டும் என்று சொல்லிக்கொண்டே டிரைவர் கதவைத் திறந்து உட்கார்ந்தான்.

எழுந்திருக்கவில்லை.

நான் என் காரிலிருந்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கை டேஷ்போர்டில் பொத்தானைத் தேடிப் போனது. அங்கே மூடி. பக்கத்தில் தடவினான். அங்கேயும் மூடி. பிறகு உள்ளங்கையால் சீட்டைத் தடவினான். திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தான். தங்கை கணவர் குனிந்து, ஏன் இன்னும் ஏசி போடவில்லை என்று கேட்டார். அவன் மறுபடி அந்த மூடியையே அழுத்தினான்.

நான் தார்ப்பாய்க்கு அடியில் எட்டு மாதம் வைத்திருந்த என் காரை மெதுவாக முன்னால் கொண்டுவந்தேன். இடது பக்கக் கண்ணாடி, சக்கர மூடி, வெள்ளை பம்பர், பச்சைக் கண்ணாடி. இறங்கி வந்து பின் கதவைத் திறந்தேன். உள்ளே இருந்து வந்த குளிர் முன்னால் நின்றவர்கள் முகத்தில் பட்டது. யாரும் சிரிக்கவில்லை.

“ஏறும்மா” என்றேன்.

“மாமா, இது நம்ம அடுப்பா?” என்று கேட்டுக்கொண்டே என் தங்கை மகள் ஏறினாள்.

நாதஸ்வரம் முன்னால் போனது. நான் நடை வேகத்தில் ஓட்டினேன். நாற்பதடி போவதற்குள் மாப்பிள்ளையின் அத்தை கண்ணாடியைத் தட்டி, பெண் முகத்தைப் பார்க்கத்தானே ஊர்வலம், இப்படிப் பச்சைக் கண்ணாடிக்குள் வைத்து மூடினால் நாங்கள் எதைப் பார்ப்பது, கண்ணாடியை இறக்குங்கள் என்றார். இறக்கினேன். நான்கு கண்ணாடியும் இறங்கின. ஏசி காற்று முழுவதும் தெருவுக்குப் போயிற்று. நாகல் நகர் மண்டபம் வரை அப்படியே போனோம், பெண் கர்ச்சீப்பால் விசிறிக்கொண்டே வந்தாள். ஆனாலும் நான் ஏசியை நிறுத்தவில்லை. ஓடட்டும். அவன் காதில் அந்தச் சத்தம் விழ வேண்டும்.

விழுந்தது. அவன் கூட்டத்தோடு நடந்து வந்தவன், இறக்கிய கண்ணாடி வழியாகத் தலையை நீட்டினான். அண்ணன் மகளிடம் ஏதோ கேட்பது போலக் குனிந்தவன், அவளைப் பார்க்கவில்லை. என் சீட்டின் பின்பக்கத்தில், ஓரத்தில், சிகரெட் நெருப்புப் பட்டு மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. அவன் விரல் தேடாமலே நேராக அங்கே போனது.

“மச்சான்” என்றான், மெதுவாக. “இது எஞ் சீட்டுங்க.”

“காசு குடுத்து வாங்குனது, மாப்ள” என்றேன். “நீங்களும் காசு குடுத்துத்தான வாங்குனீங்க? பொண்ண ஏத்த ஏலாட்டியும் பாத்திரம் ஏத்திக்கலாம். வண்டி நல்லா இழுக்கும்.”

அவன் தலையை வெளியே எடுத்தான். என் மனைவி முன் சீட்டில் உட்கார்ந்து, வெயில் மறைப்பை இறக்கி, அதிலிருந்த சின்னக் கண்ணாடியில் தன் பொட்டைச் சரி செய்துகொண்டாள். அவளும் நான்கு வருஷம் பொறுத்திருந்தவள். அண்டாவும் குத்துவிளக்கும் எங்களுக்குப் பின்னால், பூ சுற்றிய ராசி நம்பர் வண்டியில் வந்தன.

அன்று இரவு நான் மூன்று முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன். அவன் பந்தியில் உட்காரவில்லை. அவன் தோற்றுவிட்டான் என்று நினைத்தேன். அவன் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மறுநாள் காலை தாலி கட்டி முடிந்து, மொய் எழுத ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் என்ன என்பதை மைக்கில் சொல்வது வழக்கம். மண்டபத்துக்கு வெளியே தெரு முழுக்கக் கேட்கும்படி குழாய் கட்டியிருப்பார்கள். நான் இரண்டு பவுன் சங்கிலியும் பட்டும் எடுத்திருந்தேன். மைக்செட்காரர் அதைச் சொல்ல வாயெடுத்தபோது, ஒட்டன்சத்திரத்தான் மேடையில் ஏறி மைக்கை வாங்கினான்.

“எல்லாரும் செத்த கவனிக்கணுமுங்க. பொண்ணோட தாய்மாமன் சீரு. சங்கிலி ரெண்டு பவுனு. பட்டு. அதோட நேத்துப் பொண்ணு ஏறி வந்த டீலக்ஸ் ஏசி காரு. இதுக்காகவே எட்டு மாசமா ஆருக்கும் தெரியாம தயார் பண்ணி வச்சிருந்தாருங்க மச்சான். சாவி இப்ப மேடைக்கு வருதுங்க.”

மேளக்காரர்களுக்குக் கெட்டிமேளம் கொட்டச் சைகை காட்டினான். கொட்டினார்கள்.

நான் மூன்றாவது வரிசையில், பக்கவாட்டு நாற்காலியில் இருந்தேன். மண்டபத்தில் இருந்த எல்லாத் தலைகளும் திரும்பின. இல்லை என்று சொல்ல எழுந்தேன். எழுந்தவுடனே கை தட்டினார்கள். கோயம்புத்தூர்ச் சம்பந்தி இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு என்னை நோக்கி வந்தார். தங்கை கணவர் மேடையிலேயே துண்டால் கண்ணைத் துடைத்தார். என் தங்கை மட்டும் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மாலையும் கழுத்துமாக நிற்கும் மகளை வைத்துக்கொண்டு அவள் என்ன சொல்வாள்? நான்தான் என்ன சொல்வேன்? இந்தக் கார் என் எதிரியைப் பழிவாங்கச் செய்தது, உனக்குச் சீர் கொடுக்க அல்ல என்று அத்தனை பேர் முன்னால் எந்த மாமன் சொல்வான்? பெண் வந்து என் காலில் விழுந்தாள். “மாமா, எங்கிட்டக்கூட ஒரு வார்த்த சொல்லலியே” என்று அழுதாள். சட்டைப் பையில் கை விட்டேன். சாவி கையில் வந்தது. கொடுத்தேன்.

மேடையிலிருந்து இறங்கும்போது அவன் என் பக்கத்தில் வந்தான். மைக் இல்லாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

“மச்சான், நம்மகிட்ட ஸ்டாண்டர்டு ஒண்ணு சும்மா நிக்குதுங்க. வீட்டுக்குப் போறதுக்கு வேணும்னா ஓட்டிட்டுப் போங்க. வாடகை வேண்டாமுங்க.”

நானும் என் மனைவியும் டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. இறங்கும்போது மட்டும், “ரெண்டாவது கதவையாச்சும் தொறந்துட்டீங்க” என்றாள். அது உண்மை. அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. ஊரில் அந்தச் சீரைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். மாமன் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்கிறார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொள்கிறேன். உண்மையைச் சொல்லும் ஒவ்வொரு வழியிலும் அவன் ஜெயித்ததாக முடிகிறது, அதனால் சொல்வதில்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன். அவனுடைய மண்டி மறுபடி நிமிர்ந்துவிட்டது. ராசி நம்பர் என்கிறான். அந்தக் கறுப்பு மூடிகளோடு அவன் அந்த வண்டியை 2006 வரை ஓட்டினான் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஏப்ரல், மே மாதங்களில் ஒட்டன்சத்திரத்தில் வெயில் ஏறும்போதெல்லாம் அந்த ரெக்சின் சீட்டை நினைத்துக்கொள்வேன்.

அவனை மன்னித்துவிட்டாயா என்று தங்கை கேட்டாள். இல்லை. 2006-இல் அவன் மகள் கல்யாணம் நடந்தது. என் வீட்டு விசேஷத்துக்கு அவன் எழுதியிருந்த மொய் ஐந்நூற்று ஒன்று. திருப்பிச் செய்கிறவன் அதைவிடக் கூட்டித்தான் எழுத வேண்டும், குறைந்தது அதே தொகையாவது வேண்டும், அந்த ஒற்றை ரூபாய் இல்லாமல் எங்கள் பக்கத்தில் யாரும் மொய் எழுத மாட்டார்கள். நான் ஐந்நூறு எழுதினேன். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவளை மனதார வாழ்த்தினேன். மொய் எழுதியவர் பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், எழுதுங்கள் என்றேன். மைக்கில் அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன். பந்தி விசாரித்துக்கொண்டிருந்த ஒட்டன்சத்திரத்தான் கையில் சாம்பார் வாளியோடு திரும்பிப் பார்த்தான்.

என் கார் 1996-இல் ரோட்டுக்கு வந்த விலை ஒரு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரத்து நானூறு. அவனுடைய டீலக்ஸை வாங்கி ஸ்டாண்டர்டாக விற்றதில் நஷ்டம் இருபத்தோராயிரம். பட்டறைக் கூலி பதினாலாயிரத்து அறுநூறு. ஏசி கேஸ், பெல்ட், குழாய்கள் ஐயாயிரத்து முந்நூற்று ஐம்பது. புரோக்கருக்கு இரண்டு தடவையும் சேர்த்து மூவாயிரத்து இருநூற்று அறுபது. அந்த மொய்யில் பிடித்துக்கொண்ட ஒரு ரூபாயைக் கழித்தால், எனக்கு ஆன மொத்தச் செலவு இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்து அறுநூற்று ஒன்பது ரூபாய்.